சுற்றிக் காட்டுவோர் காட்ட வேண்டிய சந்தன்நகர்

(பெஹாலாவில் தமிழன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரெஞ்சுக்காரர் ஒரு காலத்தில் ஆண்டு, பின் விட்டுச் சென்ற பழைய நகரங்களைச் சுற்றிப் பார்ப்பதைப் பற்றியும், அவற்றைப் பிறருக்குச் சுற்றிக் காட்டுவோரின் கடமையைப் பற்றியும் இன்று பேசக் கருதுகிறேன். இந்த விஷயத்தைப் புதுச்சேரியில் பேசுவதன்றோ பொருத்தம், பெஹாலாவில் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இங்கிருந்து புறப்பட்டு ஹாவ்டா நிலையம் சென்று, பண்டேல் நோக்கி ஓடும் லோக்கல் ரயிலில் ஏறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சந்தன்நகர் வந்துவிடுகிறது. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மாஹே என்னும் நான்கு ஊர்களோடு ஐந்தாவதாக எண்ணப்பட்ட பிரெஞ்சு இந்தியப் பட்டணம் அது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களைக் காளிகாட்டுக்கும் தக்ஷிணேசுவரத்துக்கும் பேலூர் மடத்துக்கும் விக்டோரியா மண்டபத்துக்கும் மிகுந்த சிரத்தையோடு அழைத்துச் செல்லும் நாம், சந்தன்நகருக்கு அழைத்துச் செல்வது அரிது. அப்படியே சென்றாலும், ஆற்றங்கரையில் சிறிது நேரம் உலாவி, மாதா கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, சூர்ய மோதக் கடையில் ஜல்பரா சந்தேஷ் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறோம். தமிழராகிய நமக்கு அந்த ஊரில் உள்ள பாத்தியதை அவ்வளவோடு தீர்ந்துவிடுவதன்று என்பதே என் கட்சி.

முதலில் நாம் கூடியிருக்கும் இந்த பெஹாலாவையே எடுத்துக்கொள்வோம். டயமண்ட் ஹார்பர் சாலையில் பஸ்ஸிலும், அதற்கு மேலே ஓடும் மெட்ரோவிலும் நாள்தோறும் போய் வருகிற நம்மில் எத்தனை பேர், பரிஷாவில் சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரின் ஆட்சாலா மண்டபத்தில் எஞ்சி நிற்கும் தூண்களின் அருகே நின்றிருக்கிறோம்? சுதாநுடி, கோவிந்தபூர், கலிகாதா என்னும் மூன்று கிராமங்களின் உரிமை, 1698ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி, 1,300 ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது அந்த ஆட்சாலாவிலேதான் என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் ஒரு சாம்ராஜ்யத்தின் தலைநகரமாக வளர்ந்த பட்டணத்தின் ஜாதகம் எழுதப்பட்ட இடம் நம் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. சொல்வார் இல்லாமையால் அது நம் கண்ணில் படுவதில்லை. கல்லும் சுண்ணாம்பும் தாமே பேசுவதில்லை. அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னாலன்றி, பாழடைந்த மண்டபத்துக்கும் சரித்திர ஸ்தலத்துக்கும் பேதம் தெரிவதில்லை.

வழிகாட்டுதல் என்பது வெள்ளைக்காரரிடமிருந்து நாம் கற்ற தொழில் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களாக இருப்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வள்ளலைக் கண்டு பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனை நிறுத்தி, நீ இன்ன வழியாகப் போ, இன்ன இன்ன ஊர்களைக் காண்பாய், அங்கே இன்னார் உன்னை உபசரிப்பர் என்று விவரமாகச் சொல்வதே அந்நூல்களின் அமைப்பு. அவற்றுள் சிறுபாணாற்றுப்படை, இன்றைய புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள ஓய்மா நாட்டின் வழியாகவே நம்மை அழைத்துச் செல்கிறது. எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டில் என்ன கிடைக்கும், வேலூரில் எயினர் வீட்டில் என்ன சமைத்திருப்பர், ஆமூரில் உழவர் வீட்டில் எதைப் படைப்பர் என்று ஊர்தோறும் அங்கே வாழும் மக்களைக் கொண்டே அந்தப் பாணன் வழியை அடையாளம் காட்டுகிறான். கோட்டையும் அரண்மனையும் அவன் சொல்லில் வாராமலில்லை; ஆயினும் மீன் உலர்த்தும் குடிசையைக் கடந்த பிறகே கிடங்கில் என்னும் கோநகர் வருகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் மூன்று வழிகளின் நன்மை தீமைகளைக் கோவலனுக்கு விரித்துரைக்கும் மாங்காட்டு மறையோனும் இந்த மரபைச் சேர்ந்தவனே. அந்த வழியில் தான் நடந்திருக்க வேண்டும், வழியில் வாழ்பவரை அறிந்திருக்க வேண்டும், கேட்பவனின் நிலைமையை உணர்ந்து சொல்ல வேண்டும் என்னும் மூன்று லட்சணங்களையும் நம் பழம்புலவர் வழிகாட்டிக்கு விதித்திருக்கிறார்கள்.

பிரான்சு தேசத்திலும் இந்தத் தொழிலை அலட்சியமாக நடத்துவதில்லை. பழைய கட்டடங்களைக் காக்க 1830இலேயே அந்நாட்டு அரசு ஓர் இன்ஸ்பெக்டர் ஜெனரலை நியமித்தது. 1834இல் அந்தப் பதவியை ஏற்ற பிராஸ்பர் மெரிமே என்னும் புகழ்பெற்ற கதாசிரியர், ஊர் ஊராக அலைந்து சிதிலமான ஆலயங்களையும் மதில்களையும் பட்டியலிட்டார். அங்கே நகரத்தைச் சுற்றிக் காட்டுபவருக்கு 'கீத் கோன்பெரான்சியே' என்பது பெயர். வழிகாட்டி, விரிவுரையாளர் என்னும் இரண்டு கடமைகளும் ஒருவரிடமே சேர்ந்திருக்கின்றன. உரிய கல்வியும் அரசின் அத்தாட்சி அட்டையும் உடையவரே அந்தப் பட்டத்தைத் தாங்கலாம். இந்த ஏற்பாட்டின் பயனை அறிய லோரியான் துறைமுகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1664இல் கோல்பேர் என்னும் மந்திரி ஏற்படுத்திய பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கட்டப்பட்டது அங்கேதான்; நம் கடற்கரைக்குப் புறப்பட்டதும் அங்கிருந்துதான். இரண்டாம் உலக யுத்தத்தில் விழுந்த குண்டுகளால் அந்த நகரம் ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோயிற்று. இருப்பினும் கம்பெனியின் கதையை அந்நாட்டார் கைவிடவில்லை; எதிர்க்கரையில் போர் லூயி கோட்டைக்குள் அமைந்த காட்சிசாலையில், நம் நெசவாளர் கைப்பட்ட பருத்தித் துணிகளைக் காட்டி இன்றும் அதைச் சொல்லி வருகிறார்கள். அழிந்ததைச் சொல்வதும் வழிகாட்டியின் வேலை என்பதை இங்கே மனத்தில் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். பின்னால் இது பயன்படும்.

இனி ஹாவ்டாவிலிருந்து வண்டி ஏறுவோம். இந்த ரயில் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. அதை எந்தச் சுற்றுலாத் துண்டுப் பிரசுரமும் தமிழருக்கு எடுத்துச் சொன்னதாக நான் அறியேன். முதலில் ஸ்ரீராம்பூர் வருகிறது. அது டேனியர் பட்டணம். நம் தரங்கம்பாடியோடு சேர்த்து 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. சந்தன்நகரைத் தாண்டினால் சுஞ்சுடா. அது டச்சுக்காரர் பட்டணம். நம் பழவேற்காட்டையும் சதுரங்கப்பட்டினத்தையும் கை மாற்றிய அதே உடன்படிக்கையால் 1825இல் கை மாறியது. அதற்கும் அப்பால் பண்டேல். மயிலாப்பூரின் சாந்தோமைப் போலவே போர்ச்சுகீசியர் கோயில் எழுப்பிய இடம். சோழமண்டலக் கரையில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்தில் சிதறிக் கிடக்கும் ஒரு சரித்திரம், ஹூக்ளியின் மேற்குக் கரையில் சில ரயில் நிலையங்களுக்குள் சுருங்கி அமைந்திருக்கிறது. ஜன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வரும் தமிழனுக்கு, ஒவ்வொரு நிலையமும் தன் தேசத்தின் ஒரு கடற்கரை ஊரை ஞாபகப்படுத்த வேண்டும். இதைச் சொல்லுகிற வழிகாட்டி நமக்கு இதுவரை வாய்க்கவில்லை.

சந்தன்நகர் நிலையத்தில் இறங்கியதும் டோட்டோ வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, ஸ்ட்ராண்ட் போகலாமா என்று கேட்பார்கள். கங்கையை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நிழல் மரங்களோடும் கல் இருக்கைகளோடும் செல்லும் அந்த நடைபாதை அழகானது என்பதில் ஐயமில்லை. அதன் மருங்கில் துய்ப்ளே மாளிகை என்று வழங்கும் காட்சிசாலை இருக்கிறது. 1880ஆம் ஆண்டைச் சேர்ந்த மணிக்கூண்டும், 1884இல் திறக்கப்பட்ட திரு இருதய ஆலயமும் அண்டையிலேயே உள்ளன; பாதாள பாடி என்னும் நதியோர மாளிகையின் கீழ்த்தளம் ஆற்று மட்டத்துக்குத் தணிந்து கிடக்கிறது. வங்காளிகள் 'கொட்கொடி' என்று சொல்லும் சாய்பலகைகள் அடித்த உயர்ந்த ஜன்னல்களைப் பழைய வீடுகளில் காணலாம். இவற்றைக் காட்டும்போது சுற்றிக் காட்டுவோர் பெரும்பாலும், இது பிரெஞ்சு, அதுவும் பிரெஞ்சு என்று சொல்லிக்கொண்டே விரைகிறார்கள். கேட்பவரும் தலையை அசைத்துக்கொண்டே பின்னால் செல்கிறார்கள். நதியோரம் கண்ணுக்கு இதமாக நிற்பவற்றுள் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரரின் அதிகாரம் இந்தத் தேசத்தில் ஓய்ந்துபோன பின்னர் எழுந்தது. அவர்கள் ஓங்கி நின்ற காலத்தின் பெரிய சின்னமோ கண்ணுக்குத் தெரியாத ஒன்று.

அது ஓர்லெயான் கோட்டை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து, அறுபது ஆண்டுக் காலம் ஹூக்ளியின் கரையில் வியாபாரத்துக்கும் படைக்கும் நிலைக்களமாக விளங்கிய அந்தக் கோட்டையை, 1757 மார்ச் மாதத்தில் தரைவழியாக ஆங்கிலேயத் தளபதி கிளைவும் நீர்வழியாக வாட்சன் என்னும் கடற்படைத் தளபதியும் முற்றுகையிட்டார்கள். ஆற்றில் கப்பல்களை மூழ்கடித்துப் பாதையை அடைத்துவிட்டோம் என்று பிரெஞ்சுக்காரர் நம்பியிருந்தார்கள். இருந்தும் கென்ட், டைகர், சாலிஸ்பரி என்னும் மூன்று போர்க்கப்பல்கள் உள்ளே புகுந்துவிட்டன. மார்ச் 23ஆம் தேதி சில மணி நேரப் பீரங்கிப் போரில் கோட்டை வீழ்ந்தது. பின்னர் அது தரைமட்டமாக்கப்பட்டது. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 23ஆம் தேதி, பிளாசிப் போர் நடந்தது. வங்காள நவாபுக்குக் கைகொடுக்கக்கூடிய பிரெஞ்சுப் படையை முன்கூட்டியே அகற்றிவிட்ட பிறகே கிளைவ் பிளாசிக்குப் புறப்பட்டான் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தியாவின் தலைவிதியில் ஒரு பகுதி இந்தச் சிறு ஊரின் கரையில் எழுதப்பட்டது விளங்கும். ஸ்ட்ராண்டில் நின்று ஆற்றைச் சுட்டிக்காட்டி, இதோ இந்தத் திருப்பத்தில் அந்த மூன்று கப்பல்கள் வந்தன, இதோ இந்தப் பக்கம் மதில் இருந்தது என்று சொல்லாத வழிகாட்டி, சந்தன்நகரைக் காட்டினான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் புதுச்சேரியும் கதைக்குள் வருகிறது. துய்ப்ளே என்ற பெயரைப் புதுச்சேரியோடு மாத்திரமே சேர்த்து நாம் படித்திருக்கிறோம். அந்த மனிதர் 1731 முதல் 1741 வரை சந்தன்நகரின் தலைவராக இருந்து, வங்காளத்துத் துணிகளையும் பட்டையும் கப்பலேற்றித் தூரதேசத் துறைமுகங்களுக்கு அனுப்பி, உறங்கிக் கிடந்த ஊரைச் செல்வம் கொழிக்கும் பட்டணமாக்கிவிட்ட பிறகே, 1742இல் புதுச்சேரியின் கவர்னராகப் பதவியேற்றார். புதுச்சேரிக்குப் புறப்படும் முன் அவர் மணந்துகொண்ட ழான் என்னும் அம்மையார் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர்; தமிழ் பேசத் தெரிந்தவர். 1741இல் சந்தன்நகரில் நடந்த அந்தத் திருமணத்தின் வழியே, கங்கைக்கரையிலிருந்த துய்ப்ளேயின் மாளிகைக்குள் நம் மொழி அறிந்த ஒருவர் குடிபுகுந்தார் என்பதை இங்குள்ள தமிழர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

துய்ப்ளேயின் ஐசுவரியத்துக்கு இரண்டு ஊர்களிலும் இரண்டு சுதேசிகள் துணை நின்றார்கள். சந்தன்நகரில் இந்திரநாராயண சௌதுரி. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை. இந்திரநாராயணர் 1740இல் கட்டிய நந்ததுலால் கோயில், வங்காளத்துக் குடிசையின் வளைந்த கூரையை அப்படியே செங்கல்லில் வார்த்தாற்போல, லால்பாகான் பகுதியில் இன்றும் நிற்கிறது. பாரதசந்திர ராய் என்னும் பெரும் வங்கக் கவிக்கு ஆதரவளித்து, அவரை நதியா மன்னர் கிருஷ்ணசந்திரரின் சபைக்கு அனுப்பி வைத்தவரும் அவரே. ஆனந்தரங்கப் பிள்ளையோ 1736 முதல் 1761இல் தாம் மறையும் வரை, பட்டணத்தில் நடந்ததையும் கேட்டதையும் தமிழில் தினசரியாக எழுதி வைத்தார். அந்த ஏடுகள் 1846இல் அவர் வீட்டில் கண்டெடுக்கப்பட்டன. ஐரோப்பியர் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் ஒருபுறம் குவிந்து கிடக்க, அந்த ஆட்சியை உள்ளே நின்று பார்த்த ஒரு சுதேசியின் இவ்வளவு நீண்ட சாட்சியம் தமிழில் இருப்பது நமக்குப் பெருமை. அதைப் படிக்காமலே துய்ப்ளேயின் வீட்டைப் பார்த்துவிட்டு வருவது நமக்குக் குறை. துய்ப்ளே எப்படிக் கோபிப்பார், மதாம் துய்ப்ளே காரியங்களில் எவ்வாறு தலையிடுவார், யாருக்கு எவ்வளவு கைமாறியது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. சந்தன்நகர் காட்சிசாலையில் துய்ப்ளே காலத்துப் பொருள்களின் முன் நிற்கும்போது, தமிழ் அறியாத ஆராய்ச்சியாளருக்கு மொழிபெயர்ப்பின் வாயிலாக மாத்திரமே எட்டும் செய்திகள் நமக்கு மூலத்திலேயே கிடைக்கின்றன.

இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். 1757இல் காசிம்பஜாரில் பிரெஞ்சுப் பண்டகசாலையின் தலைவராக இருந்தவர் ழான் லோ. சந்தன்நகர் வீழ்ந்த பின் அவர் சரணடையாமல், கையிலிருந்த சிறு படையோடு வட இந்தியாவெங்கும் அலைந்து, இளவரசராயிருந்து பின் பாதுஷாவான ஷா ஆலத்தோடு சேர்ந்து போரிட்டு, 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அதே ஜனவரியில் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார்; அதே ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது; அதன் கோட்டையும் மாளிகைகளும், ஓர்லெயான் கோட்டையைப் போலவே இடித்துத் தள்ளப்பட்டன. சமாதானம் ஏற்பட்ட பின் 1765இல் பாழாய்க் கிடந்த புதுச்சேரியைத் திரும்பப் பெற்று, மறுபடியும் கட்டி எழுப்பும் பொறுப்பை ஏற்ற கவர்னர் யார் என்றால், அவரே இந்த ழான் லோ. இன்று ஒயிட் டவுன் என்று எல்லோரும் சொல்லும் கடலோரத் தெருக்கள், வங்காளத்தில் எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவரின் காலத்தில் மீண்டும் தலையெடுத்தவை.

ஆகவே புதுச்சேரிக்குப் போகும்போதும், மஞ்சள் பூசிய சுவர்களையும் அவற்றில் படர்ந்த காகிதப்பூக் கொடிகளையும் மாத்திரம் பார்த்துவிட்டு வருவது போதாது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே நிற்கும் வீடுகள் 1761க்குப் பிற்பட்டவை. வாய்க்காலுக்கு மேற்கே, பெரிய மார்க்கெட்டுக்கு அருகே நிற்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடோ அந்த அழிவுக்கு முற்பட்டது. பழமையைத் தேடி வந்தவர்கள் பழமை இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் என்னும் ஸ்தாபனம், தமிழர் தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உடைய வீடுகளையும் செப்பனிட்டு, அவற்றின் வழியாகவும் மக்களை நடத்தி அழைத்துச் சென்றது மிகவும் போற்றத்தக்க காரியம். 2014 நவம்பரில் பெய்த மழையில் கடற்கரையோரம் இருந்த மேரி என்னும் பழைய நகராட்சி மாளிகை இடிந்து விழுந்ததைக் கண்டவர்கள், காத்துக்கொள்ளாத சொத்து எப்படிக் கைவிட்டுப் போகும் என்பதை அறிவார்கள். பிறகு அது பழைய வடிவத்திலேயே புதிதாகக் கட்டப்பட்டது. ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்குமா? சந்தன்நகரின் பழைய ரிஜிஸ்ட்ரி கட்டடத்தில் கூரை சரிந்து ஆல் வேர் பாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

வழிகாட்டி சொல்லக் கூசும் செய்திகளும் உண்டு; அவற்றையும் சொல்ல வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், அங்கிருந்த வேதபுரீசுவரர் கோயில் துய்ப்ளேயின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. அதை ஆனந்தரங்கப் பிள்ளை மனம் நொந்து எழுதியிருக்கிறார். இன்று ஈசுவரன் கோயில் தெருவில் உள்ள வேதபுரீசுவரர் ஆலயம் பின்னால் கட்டப்பட்டது. இதைச் சொல்வதால் யாருடைய மதத்துக்கும் நிந்தை இல்லை. மறைத்தால்தான் சரித்திரத்துக்கு நிந்தை. அழகிய வீதிகளை அமைத்தவர்களே இதையும் செய்தார்கள் என்று நிதானமாகச் சொல்லும் தைரியம் சுற்றிக் காட்டுபவருக்கு இருந்தால், கேட்பவர் அந்த வீதிகளைப் பகையின்றியும் மயக்கமின்றியும் பார்க்கக் கற்றுக்கொள்வர்.

மறுபடியும் கங்கைக்கரைக்கு வருவோம். ஸ்ட்ராண்டில் படித்துறைக்கு எதிரே, வேலைப்பாடு மிக்க தூண்களோடு நிற்கும் மண்டபத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்; அதன் நெற்றியில் பிரெஞ்சு எழுத்துகள் பொறித்திருப்பதைக் கண்டு, யாரோ ஒரு துரை கட்டியது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது துர்காசரண ரக்ஷித் என்னும் வங்காள வர்த்தகரின் நினைவாக 1921இல் எழுப்பப்பட்டது. அவர் பிரெஞ்சு அரசின் லெஜியோன் தொனேர் விருதைப் பெற்றவர். காட்சிசாலையில் உள்ள பொருள்களில் பெரும்பகுதியும் ஹரிஹர சேட் என்னும் அவ்வூர்ப் பெருந்தகை வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தவை. இளமைக் காலத்தில் ரவீந்திரநாதர் தம் அண்ணனோடு தங்கியிருந்த மோரான் துரையின் தோட்ட வீடு இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுக்காரர் கல்லறைத் தோட்டத்திலோ, வங்கக் கடலின் சுழல் காற்றுகளை ஆராய்ந்து அவற்றுக்குச் 'சைக்ளோன்' என்று பெயர் சூட்டிய ஹென்றி பிடிங்டன் அடங்கியிருக்கிறார். அம்பான் புயல் இரவைக் கண்ட நமக்கு, அந்தச் சமாதியின் முன் ஒரு நிமிஷம் நிற்பது தகும்.

இவை எல்லாவற்றினும் நமக்கு நெருங்கிய சங்கதி ஒன்று உண்டு. ஆங்கில ஆட்சியின் போலீசு எளிதில் கை வைக்க முடியாத இடமாக இருந்ததால், சந்தன்நகரும் புதுச்சேரியும் தேசபக்தர்களுக்குப் புகலிடங்களாயின. 1908இல் சுப்பிரமணிய பாரதியார் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குச் சென்றார். சந்தன்நகரில் பிறந்து துய்ப்ளே கல்லூரியில் படித்த கனாயிலால் தத்தர், அதே 1908இல், இதோ நமக்கு அடுத்தாற்போல் உள்ள அலிபூர்ச் சிறைக்குள் அரசாங்கச் சாட்சியாக மாறியவனைச் சுட்டு, நவம்பர் 10ஆம் தேதி தூக்கிலேறினார். 1910 பிப்ரவரியில் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து இரவோடு இரவாகப் படகில் சந்தன்நகர் சேர்ந்தார். மோதிலால் ராய் என்னும் இளைஞர் அவரை மறைத்து வைத்துக் காத்தார். ஒன்றரை மாதம் கழித்து அரவிந்தர் கல்கத்தாவுக்கு வந்து கப்பலேறி, ஏப்ரல் 4ஆம் தேதி புதுச்சேரியில் இறங்கினார். அவர் ஏறிய கப்பலின் பெயர் துய்ப்ளே. கரையில் அவரை வரவேற்றவர்களில் பாரதியாரின் நண்பரான நம் ஸ்ரீநிவாசாச்சாரியார் ஒருவர். முதலில் அவர் தங்கிய வீடு கலவை சங்கரஞ் செட்டியாருடையது. கங்கைக்கரையின் ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து தமிழ்க் கடற்கரையின் ஒரு பிரெஞ்சு ஊருக்குச் சென்ற அந்தப் பிரயாணத்தை, வங்காளத்தில் வாழும் தமிழரைவிட நன்றாகச் சொல்லத் தகுந்தவர் யார்?

ஆட்சி முடிந்த கதையும் சுருக்கமாகக் கேட்கத்தக்கது. 1949 ஜூன் 19ஆம் தேதி சந்தன்நகர் மக்களிடம் வாக்கெடுத்தபோது, இந்தியாவோடு சேர வேண்டும் என்று 7,463 பேரும், வேண்டாம் என்று 114 பேரும் வாக்களித்தார்கள். 1950 மே 2ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1954 அக்டோபரில் ஊர் மேற்கு வங்காளத்தோடு இணைந்தது. அதே அக்டோபரில் புதுச்சேரியின் பிரதிநிதிகள் கீழூரில் கூடி, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர இசைந்தார்கள். இரு ஊர்களின் கதையும் சேர்ந்தே தொடங்கி, சேர்ந்தே வளர்ந்து, ஏறக்குறைய சேர்ந்தே முடிந்தது. சுற்றிக் காட்டுவோரும் புத்தகம் எழுதுவோருமே அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் முன்பே கேட்டார்கள். என் யோசனையைச் சொல்கிறேன். சந்தன்நகரில் ஸ்ட்ராண்டிலிருந்து தொடங்காதீர்கள். லால்பாகானில் நந்ததுலால் கோயிலிலிருந்து தொடங்கி, லக்ஷ்மிகஞ்ச் கடைவீதியின் வழியாக நடந்து, மணிக்கூண்டையும் மாதா கோயிலையும் கடந்து, கடைசியாக ஆற்றங்கரைக்கு வாருங்கள். சுதேசிகள் வாழ்ந்த பக்கத்திலிருந்து நடந்து வந்தால், அதிகாரம் இருந்த பக்கம் எதன் மேல் நின்றது என்பது காலுக்கே புரிந்துவிடும். காட்சிசாலையின் வார விடுமுறையை விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். ஜகத்தாத்ரி பூஜையின்போது ஊர் விளக்கொளியில் ஜொலிக்கும். அதைக் காணச் செல்லுங்கள், ஆனால் சரித்திரம் கேட்க அந்தக் கூட்டம் உதவாது. அதற்குக் குளிர்காலத்தின் ஒரு காலைப்பொழுது ஏற்றது. அவ்வூர் ஆசிரியர்களிலும் இளைஞர்களிலும் தம் ஊரை நேசித்து, நடத்தி அழைத்துச் சென்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாடி, அவர்கள் உழைப்புக்கு உரியதைத் தயங்காமல் கொடுத்து, அவர்கள் வங்காளியில் சொல்வதை நம் பிள்ளைகள் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். பெஹாலாவில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இரண்டு மொழியும் தடையின்றிப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டிலிருக்கும் பண்டிதர்களுக்கும் இல்லாத வசதி இது.

அன்பர்களே, என் விண்ணப்பம் ஒன்றே. சந்தன்நகரைத் தமிழரின் கண்கொண்டு பார்க்கும் ஒரு சிறு கையேடு, நடந்து செல்லும் வழியும் இன்ன இடத்தில் நின்று இன்னதைச் சொல்ல வேண்டும் என்னும் குறிப்பும், ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியிலிருந்து தெரியவரும் விவரங்களும் அடங்கியதாக, நம் சங்கத்தின் சார்பில் வெளிவர வேண்டும். தினசரியைப் படிக்கத் தமிழ் அறிந்த மூத்தவர்களும், அவ்வூரில் அலைந்து விசாரிக்க வங்காளி அறிந்த இளைஞர்களும் இதற்கு வேண்டும். இரண்டு வகையினரும் இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். இந்தப் பணியில் சேர விரும்புவோர், கூட்டம் கலைவதற்கு முன் செயலாளரிடம் தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.